இங்கே குடியிருப்பவர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலம்தானே?

எட்டு மாதமாகப் பேசாமல் இருந்துவிட்டு எழுதுகிற கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறையத் தாளை வீணாக்கிவிட்டேன். போன் பண்ணியிருக்கலாம். ஆனால் நம் போன் பேச்சு நாலாவது வாக்கியத்தில் சண்டையாகி, ஐந்தாவதில் யாராவது ஒருவர் துண்டித்துவிடுகிறோம். போன தடவை துண்டித்தது நீ. மெயில் போடலாம் என்றால் உனக்கும் மாமாவுக்கும் சேர்த்து ஒரே முகவரி. நீ திறப்பதற்குள் அவர் படித்து, சுருக்கி, தன் கருத்தையும் சேர்த்து உனக்குச் சொல்லிவிடுவார். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இங்கே வரிச் சிக்கல்.

என் வேலை உனக்குத் தெரியும். மேசை, அலமாரியெல்லாம் பிரித்த நிலையில் பெட்டியில் வருமே, அதற்குள் மடித்து வைத்த தாளில் எந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு என்று படம் போட்டிருக்குமே, அதை வரைகிறவன். எந்தக் கம்பெனிக்கும் சம்பள ஆள் கிடையாது. வரைந்து கொடுப்பேன், பில் அனுப்புவேன், அவர்களுக்குத் தோன்றும்போது பணம் வரும். சம்பளக்காரனுக்கு வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். எனக்கு முழுசாக வரும். முழுசாக வருவதால் முழுசும் நம்முடையது என்ற நினைப்பும் கூடவே வரும்.

வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது என் வங்கிக் கணக்கையும் எனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தையும் உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நீயும் வருஷா வருஷம் தெருமுனை ஆடிட்டர் மூலம் எனக்குக் கணக்குத் தாக்கல் செய்து வரி கட்டிவிட்டாய். அக்கா அங்கே கட்டுகிறாள், இங்கே எதற்கு என்று நான் இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே சம்பாத்தியத்துக்கு எத்தனை ஊரில் கட்டுவது என்பது என் நியாயம். இங்கே இருக்கும் அலுவலகத்துக்கு அந்த நியாயம் புரியவில்லை. வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் கட்டு என்கிறார்கள்.

போனது போகட்டும், தவணையில் கட்டித் தொலைக்கிறேன். பயம் வேறு. என் தங்கும் அனுமதி ஜூனோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க நான் இந்த நாட்டு வரிக்காரன் மட்டும்தான் என்று காட்ட வேண்டும். நம் ஊர் அலுவலகமோ நான் அங்கே குடியிருப்பவன் என்று சொல்கிறது. இப்படிப்பட்ட ஆளுக்காகவே இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. எந்த நாட்டில் அவனுக்கென்று நிரந்தரமாகத் தங்குமிடம் இருக்கிறதோ, அவன் அந்த நாட்டுக்காரன். இங்கே எனக்கு வாடகை வீடு இருக்கிறது. அங்கே இல்லை என்று ஒரு தாள் கொடுத்தால் போதும், முடிந்துவிடும் என்கிறார் இங்கே என் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரம்மா. அனுமதி கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர்களையும் விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘மேற்கண்ட முகவரியில் இவருக்குத் தங்குமிடம் எதுவும் இல்லை.’ ஒரே வரி. நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

தம்பி


ஜனவரி 23

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்க நிற்காமல் அடுத்த மூச்சில் விஷயத்துக்கு வந்துவிட்டாய். பரவாயில்லை. நலம்தான். உன் மாமாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை. நீ கேட்காததால் சொல்கிறேன்.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவில். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே போடுங்க, வயசை ஒண்ணு குறைங்க, அப்பா பேரை மாத்துங்க என்று நாள் தவறாமல் யாராவது வந்து நிற்கிறார்கள். அழுகிறார்கள், சிலர் கவரை நீட்டுகிறார்கள். எல்லோரையும் திருப்பி அனுப்புகிறவள் நான். அந்தக் கையால், இருக்கிற அறையை இல்லை என்று எழுதச் சொல்கிறாய்.

மாடி அறை இருக்கிறது. கட்டில் இருக்கிறது. உன் மேசை இருக்கிறது. வாராவாரம் விரிப்பு மாற்றுகிறேன். “படுக்காத மெத்தைக்கு எதுக்குடி துவைச்ச விரிப்பு?” என்று உன் மாமா கேட்கிறார். இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. நாலு வருஷம் ஓடிவிட்டது. ‘ரூமைப் பூட்டாம வெச்சிருக்கேன்டா’ என்று அன்றைக்குப் போனில் சொன்னதற்கு, ‘யார் வெச்சிருக்கச் சொன்னா?’ என்றாய். போனைத் துண்டித்தது நான்தான். ஆனால் துண்டிக்க வைத்தது யார் என்று உன் கடிதத்தில் இல்லையே.

இன்னொன்று. தாக்கல் செய்யும்போது தெருமுனை ஆடிட்டர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார், “தம்பி இங்கே குடியிருப்பவரா, வெளிநாட்டில் குடியிருப்பவரா?” ஒவ்வொரு வருஷமும் இங்கேதான் என்று நான்தான் சொன்னேன். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

கையெழுத்து கிடையாது. நீ அனுப்பிய தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நன்றாயிருக்கிறது. என்னை அங்கே குடியிருப்பவன் என்று வருஷா வருஷம் நீயே எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது உண்மையைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறாய். இதைத் தாக்கல் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ‘டேய், நீ எங்கே இருக்கேன்னு போடட்டும்?’ என்று. இரண்டு நிமிஷப் பேச்சு.

நானும் கேட்டிருக்கலாம். தாக்கலின் நகலை வருஷா வருஷம் நீ அனுப்பினாய். வரித் தொகையைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். முதல் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. ஆடிட்டரம்மா என் எதிரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டியபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “இவ்வளவு நாள் யார் உங்களை அங்க இருக்கறதா சொல்லிட்டிருந்தாங்க?” என்று கேட்டார். அக்கா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

போதாததற்கு நம் ஊர் அலுவலகத்திலிருந்து நேரில் வந்து விசாரித்து, ‘அறை பயன்பாட்டில் உள்ளது’ என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்களாம். யார் வந்தது? என்ன சொன்னாய்? எனக்கு ஏன் எழுதவில்லை?

கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன். அந்த அறையை நீ எனக்காக வைத்திருக்கவில்லை, அக்கா. தெருவுக்காக வைத்திருக்கிறாய். ‘உன் தம்பி போனவன் போனவன்தானா?’ என்று யாராவது கேட்டால், இல்லை, இதோ அவன் அறை என்று காட்டுவதற்காக. உன் கௌரவத்துக்கு நான் இங்கே வேலையைப் பறிகொடுக்க வேண்டுமா?

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

வந்தது ஒரு பெண். சின்ன வயசு. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்தால் வாங்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு வாங்கிக் குடித்தாள். உன் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

“இவர் இங்கதான் இருக்காரா, மேடம்?”

“இங்கதான். வேலை விஷயமா வெளியூர் போயிருக்கான்.”

“எப்ப வருவார்?”

“வர்ற நேரம்தான்.”

நான் பதில் சொன்ன விதத்தில், சாயங்காலம் வந்துவிடுவாய் என்று அவள் நினைத்திருப்பாள். மாடிக்குக் கூட்டிப் போனேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் கூட்டிப் போனேன். ஃபேனைப் போட்டுக் காட்டினேன். உன்னை ஊர்பேர் இல்லாதவன் என்று யாரும் எழுதிவிடக் கூடாதே என்ற பதற்றம். நான் உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

தெருவுக்காக என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் யோசித்தேன். கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதியை நீயே யோசித்துக்கொள்.

நான் இல்லாததை எழுத மாட்டேன். ஆனால் அறை உண்மையிலேயே உனக்கு இல்லாமல் போனால் எழுதலாம். என்ன செய்தால் அது உண்மையாகும் என்று உன் ஆடிட்டரம்மாவிடம் கேட்டு எழுது.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

போன கடிதத்தின் கடைசிப் பகுதியை எழுதியிருக்கக் கூடாது. தபாலில் ஒரு தொல்லை, போட்ட பிறகு பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க முடியாது. மறுநாள் காலை அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

கேட்டுவிட்டேன். அம்மா போன பிறகு வீடு நம் இருவர் பெயருக்கும் வந்ததால் ஒன்றும் கெடவில்லையாம். பங்கு இருப்பதில் தப்பில்லை. நான் நினைத்தபோது வந்து படுக்கிற மாதிரி ஓர் இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வெளியாள் யாருக்காவது ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு விட்டால், சாவி அவர்கள் கையில் இருந்தால், என் சாமான் அங்கே இல்லாதிருந்தால், அந்த அறை எனக்கு இல்லை என்று ஆகிவிடும். “அக்கா மனசுல இருக்கற ரூம் சட்டத்துக்குத் தெரியாது, பூட்டுத்தான் தெரியும்” என்றார் ஆடிட்டரம்மா. அவருக்கும் ஓர் அக்கா இருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் ஒன்று சொல்லட்டுமா? பேருக்குச் செய்துவிடு. மாமாவின் தங்கை மகன் பெயரில் ஓர் ஒப்பந்தம் எழுதி, சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, அறையை அப்படியே விட்டுவிடு. யாரும் வந்து மெத்தையைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. கொஞ்ச நாள் போனதும் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

இதை உன்னிடம் சொல்வது வீண் என்று தெரிந்தே சொல்கிறேன்.

உண்மையாகவே விடுவதானால், மேசையை மட்டும் எங்கேயாவது ஓரமாகப் போட்டு வை. அதை நானே செய்தது. காலேஜ் முடித்த வருஷம், வேலையில்லாமல் இருந்தபோது. மற்றதெல்லாம் உன் இஷ்டம். நீ திருப்பி அனுப்பிய தாளை மறுபடியும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

திருகாணிக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் ஒரு திருகாணியோடு நீ நின்ற நிலைக்கு அம்மா வைத்த பெயர். இப்போது கூப்பிடலாமா என்று தெரியவில்லை, கூப்பிட்டுவிட்டேன்.

அறையை விட்டுவிட்டேன். பேருக்கு இல்லை, நிஜமாகவே. எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண். தனியாள், சத்தமில்லாதவள், உன் மாமாவின் முழங்காலுக்குக் காசு வாங்காமல் பயிற்சி சொல்லித் தருகிறாள். அதனால் அவருக்கு மகா சந்தோஷம். பூட்டு மாற்றியாயிற்று. மாற்றுச் சாவி கூட என்னிடம் இல்லை. ஒன்று கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்றேன். வைத்திருந்தால் நான் மேலே போய்விடுவேன்.

கட்டிலை ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர் எடுத்துக்கொண்டார். உன் துணிகளில் பாதி உனக்கு இனிச் சேராது, கொடுத்துவிட்டேன். புத்தகங்கள் பரண்மேல் இருக்கின்றன. பரண் தங்குமிடம் ஆகாதல்லவா, கேட்டுச் சொல்.

மேசை. அதை எழுதத்தான் இத்தனை நாளாக எழுதாமல் இருந்தேன். அறைக்கு உள்ளேயே வைத்துச் செய்திருக்கிறாய், கதவை விடப் பெரிசு. வெளியே எடுக்க வழியில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் எதை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று படம் போட்டுத் தருகிறவன், உன் சொந்த மேசைக்கு ஒரு தாள் போட்டு வைக்கவில்லை. மாமா இருக்கிற திருகாணியையெல்லாம் கழற்றிப் பார்த்தார், அசையவில்லை. மறுநாள் அந்தப் பெண் சாமானோடு வரவேண்டியது. தச்சரைக் கூப்பிட்டோம். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நல்லா செஞ்சிருக்காரு. அறுத்தாத்தான் போகும்” என்றார்.

உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் எப்படிக் கழற்றுவது என்று சொல்லியிருப்பாய். போனைக் கையில் எடுத்தேன். அந்த நேரத்தில் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நான் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. உனக்கு அனுமதி போய்விடும். அறுக்கச் சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். சமையலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டேன், சத்தம் கேட்காமல் இருக்க. கேட்டது.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ‘இவருக்கு’ என்று இருந்தது. உன்னை இவர் அவர் என்று நான் சொன்னதே இல்லை. அலுவலக எழுத்து என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

அனுமதி புதுப்பித்தாயிற்று. மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை. நம் ஊர் அலுவலகமும் என்னைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறது. இப்போது வருகிற ஒவ்வொரு பில் பணத்திலும் வரிக்கென்று ஒரு பங்கை அப்படியே வேறு கணக்கில் போட்டுவிடுகிறேன். என்னிடம் ஒழுங்கைக் கண்டு ஆடிட்டரம்மாவே ஆச்சரியப்படுகிறார். பரண் தங்குமிடம் ஆகாதாம். அதைக் கேட்டபோதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

மேசையைப் பற்றி வருத்தப்படாதே. போன் பண்ணியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. திருகாணி எல்லாம் சும்மா, பிடிப்புக்கு. மூட்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். கழற்றவே கூடாது என்று நினைத்துச் செய்தது. வெளியே எடுக்க வேண்டி வரும் என்ற யோசனையே அப்போது எனக்கு இல்லை.

உன் கடிதத்தை வாங்கியதும் திறக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஓர் அலமாரிக்கு வரைந்துகொண்டிருந்தேன். படித்துவிட்டு அன்றைக்கு வரையவில்லை.

நீ அந்த ஹெல்மெட் பெண்ணிடம் சொன்னது பொய் இல்லை, அக்கா. வெளியூர் போயிருக்கிறான், வருகிற நேரம்தான் என்று நீ சொன்னாயே, நானும் இங்கே எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமான் வாங்கும்போது சின்னதாக வாங்குவேன், கொஞ்ச நாளைக்குத்தானே என்று. ஜன்னலுக்குத் திரைகூடப் போடவில்லை. நாலு வருஷமும் நான் வெளியூருக்கு வந்தவனாகத்தான் இருந்தேன். அங்கே ஓர் அறை இருந்ததால் அப்படி இருக்க முடிந்தது. நீ கையெழுத்துப் போட்டபோதுதான் நான் ஊரை விட்டு வந்தேன்.

இப்படி எழுதுவதால் உன்மேல் பழி போடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. கேட்டது நான்தான். ஒரே வரி, கையெழுத்து மட்டும் என்று கேட்டேன்.

அக்டோபரில் பத்து நாள் வரலாம் என்று இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ரூம் போட்டுக்கொள்கிறேன். ஃபைலை மூடி மை காயவில்லை, வீட்டில் தங்கி எதையாவது கிளப்பிவிடுவேனோ என்று பயம். நீ கோபப்படுவாய்.

தம்பி


நவம்பர் 3

திருகாணிக்கு,

போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது.

நீ இங்கே இருந்த பத்து நாளும் உன்னிடம் சொல்லாததை எழுதுகிறேன். நேரில் இருந்தபோது நாம் இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் மாமாவின் முழங்காலைப் பற்றியும் பேசித் தீர்த்துவிட்டோம்.

முதல் நாள் நீ கேட்டைத் திறந்துகொண்டு வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாடிப் பெண் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தாள். “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டாள். தப்பு இல்லை, அவளுக்கு உன்னைத் தெரியாது. நீ “இந்த வீட்டு அம்மாவைப் பார்க்கணும்” என்றாய். நான் அவனோட அக்கா, இது அவன் வீடு என்று அங்கேயே கத்தியிருக்க வேண்டும். அவள் உள்ளே பார்த்து, “மேடம், யாரோ வந்திருக்காங்க” என்றாள்.

பிறகு உனக்கு டீ கொண்டுவந்தேன். தட்டில் வைத்து, பிஸ்கட்டோடு. வீட்டில் யாருக்கும் நான் தட்டில் வைத்து டீ கொடுத்ததில்லை. கை தானாக அந்த நல்ல கப்பை எடுத்துவிட்டது. நீ வாங்கிக்கொண்டு ‘தேங்க்ஸ்’ என்றாய். அடுக்களையில் எட்டிப் பார்த்து, சர்க்கரை டப்பாவில் கைவிட்டு, எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்து வளர்ந்தவன், எனக்குத் தேங்க்ஸ் சொல்லுகிறாய். நான் பதிலுக்கு என்ன சொல்வது? “பரவாயில்லை” என்றேன்.

ஹாலில் படுத்திருக்கலாம், பையா. ஹாலில் படுப்பதை எந்த நாட்டுச் சட்டம் கேட்கப் போகிறது? நான் கூப்பிட்டிருக்க வேண்டும். நீ லாட்ஜ் என்று எழுதியபோது எனக்கு ரோஷம் வந்து, வேண்டுமானால் வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். நீயும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்ததற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

திரும்பிப் போகும்போது மாடியைப் பார்க்காமல் போனாய். அதையும் பார்த்தேன்.

அக்கா


நவம்பர் 19

அக்காவுக்கு,

கேட்டிருந்தால் ஹாலில் படுத்திருப்பேன். மூன்றாம் நாளே பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று லாட்ஜ் வாசல்வரை இறங்கினேன். அப்புறம் நீ கூப்பிடவில்லையே என்று மேலே ஏறிவிட்டேன். அவ்வளவுதான் நம் அழகு.

டீ நன்றாக இருந்தது. தேங்க்ஸ் சொன்னது பழக்கதோஷம், இங்கே எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டும். இனி உனக்குச் சொல்ல மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2

திருகாணிக்கு,

ஒரு விஷயம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மாடிப் பெண் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அழுதாள், மாமாவும் கண் கலங்கினார். அவருக்கு முழங்கால் கவலை. அறை இப்போது காலி. கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். ‘வாடகைக்கு’ என்று போர்டு எழுதி வைத்திருந்தும் இன்னும் மாட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் பல் டாக்டரும் அவர் மனைவியும் கேட்கிறார்கள். நல்ல மாதிரி. நீண்ட நாள் இருப்போம் என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் அனுமதி புதுப்பித்தாயிற்று, ஃபைல் மூடியாயிற்று. இனிமேல் அறையை உனக்கென்று வைத்தால் தப்பாகுமா என்று ஆடிட்டரம்மாவிடம் கேள். தப்பில்லை என்றால் டாக்டருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டில் வாங்கிப் போடுவது பெரிய காரியமா? தெருவுக்காக இல்லை. நீ எழுதியதற்குப் பிறகு என்னை நானே நன்றாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன். சண்டை போட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

ஆடிட்டரம்மாவிடம் கேட்டேன்.

“தாராளமா வெச்சுக்கங்க. அன்னைக்கு உங்க பேர்ல இங்க ஒரு தாக்கல்கூட இல்ல, அதனாலதான் அந்தத் தாள் தேவைப்பட்டுச்சு. இப்ப உங்க வேலை, கணக்கு, எல்லாமே இங்கதான்னு பதிவாயிருச்சு. அக்கா வீட்டுல ஒரு ரூம் இருந்தா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க” என்றார்.

அவர் முடியாது என்று சொல்வார் என்று நம்பித்தான் கேட்டேன், அக்கா. சொல்லியிருந்தால் உனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டு, நானும் உன்னோடு சேர்ந்து வரி அலுவலகத்தைத் திட்டியிருப்பேன். அவர் அறையை விட்டு வெளியே வந்து பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். இத்தனை நாளும் வரிமேலும் உன்மேலும் போட்டுவைத்திருந்த விஷயம் இனி என் தலையில்தான் என்று புரிந்தது.

நான் திரும்பி வர மாட்டேன். இரண்டு வருஷம் என்று உன்னிடம் சொன்னபோது அதை நம்பித்தான் சொன்னேன். ஆனால் மூன்றாம் வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ அறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் சொல்லவில்லை. ‘யார் வெச்சிருக்கச் சொன்னா?’ என்று அன்றைக்குக் கேட்டேனே, சொன்னது நான்தான். எதுவும் சொல்லாமல் இருந்தே சொன்னேன்.

இங்கே ஒன்றும் பெரிசாக இல்லை. வேலை வருகிறது, போகிறது. கீழ்வீட்டுக்காரர் என் பெயரைத் தப்பாகச் சொல்வார், நான் திருத்துவதில்லை. இருந்தாலும் காலையில் எழுந்து போக எனக்கு இருக்கிற இடம் இதுதான். போன மாதம் ஜன்னலுக்குத் திரை வாங்கி மாட்டினேன்.

வைத்திரு என்று சொல்ல எனக்கு ஆசைதான். கடிதத்தில் இரண்டு தடவை எழுதி அடித்திருக்கிறேன், பார்த்தால் தெரியும். ஆனால் வைத்திரு என்று சொல்லிவிட்டு வராமல் இருக்க இனி என்னால் முடியாது.

பல் டாக்டருக்கே கொடுத்துவிடு.

நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவேன். ஹாலில்தான் படுப்பேன். வருவதற்கு முன்னால் உனக்கும் மாமாவுக்கும் அந்தத் தேதி சௌகரியப்படுமா என்று கேட்டு எழுதிவிட்டு வருகிறேன்.

தம்பி